தங்கச்சி அனுப்பிய மீன்தலைத் தூள்

1

எனக்கு என் தங்கச்சியின் மேல் பொறாமை. இதை நாகரிகமாகச் சொல்ல ஒரு வழி இருக்குமா என்று பல நாள் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படாததால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். எங்கள் ஊர் வட்டகொடையில் யாராவது இதைப் படித்தால் அன்று மாலைக்குள் அவள் காதில் போட்டுவிடுவார்கள். போடட்டும்.

நான் இருப்பது நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊர். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் ஒரு தெரு, தெருவின் முடிவில் நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலை. ஊர் அவ்வளவுதான். போன மாதம் வேலை முடிந்து பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது சுங்கத்திலிருந்து கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. என் பெயருக்கு இலங்கையிலிருந்து ஒரு பார்சல் வந்திருக்கிறது, உள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ தூள் இருக்கிறது, அது இன்னதென்று நான் நேரில் வந்து விளக்க வேண்டும், விளக்கம் சரியில்லை என்றால் அழித்துவிடுவார்கள்.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் விளக்கிக்கொண்டேதான் இருக்கிறேன். என் பெயரில் எது என் பெயர், எது அப்பாவின் பெயர் என்று விளக்கியிருக்கிறேன். இலங்கைத் தமிழன்தான், ஆனால் யாழ்ப்பாணத்தான் இல்லை என்று நோர்வேக்காரருக்கும் விளக்கியிருக்கிறேன், யாழ்ப்பாணத்தாருக்கும் விளக்கியிருக்கிறேன். இங்குள்ள நம்மவர் ஒருவர் முதல் சந்திப்பிலேயே, "நீங்கள் எவடம்?" என்று கேட்டார். வட்டகொடை என்றேன். "ஓ, நுவரெலியாப் பக்கமோ. நல்ல குளிர். பள்ளிக்கூடத்தில இருந்து சுற்றுலா போனனாங்கள்" என்றார். அதோடு என் ஊரைப் பற்றிய பேச்சு முடிந்தது.

ஆனால் இந்தத் தூள் விஷயம் வேறு. அது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். நம் சந்தைகளில் வெட்டி விற்கும் பலயா என்ற சூரை மீனின் தலையும் முள்ளும் அது. செய்து அனுப்பியவள் என் தங்கச்சி தனலெட்சுமி. அனுப்பச் சொன்னவள் என் மகள் ஆரணி. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆரணிக்கு இன்னும் பதினெட்டு ஆகாததால் பார்சலில் பெயர் மட்டும் என்னுடையதாகப் போட்டிருந்தார்கள்.

2

எங்கள் தொழிற்சாலைக்கு வருவது கொட் மீன். குளிர்காலத்தில் படகு படகாக வந்து இறங்கும். முள் இல்லாத வெள்ளைத் துண்டுகளாக வெட்டிப் பெட்டியில் அடுக்கித் தெற்கே அனுப்பிவிடுவார்கள். தலை, நடுமுள், தோல், குடல் என்று மிச்சமாவது ஏறக்குறைய இன்னொரு மீன்.

நான் வந்த புதிதில் இந்த மிச்சத்தின் பெயர் கழிவு. பெரிய நீலத் தொட்டிகளில் அள்ளிப் போடுவோம். அரைபட்டு வளர்ப்பு மீனுக்கும் நாய்க்கும் தீனியாகப் போகும். பிறகு ஒருநாள் எங்களைக் கூட்டி வைத்து, இனிமேல் அதைக் கழிவு என்று சொல்லக்கூடாது, மீதி மூலப்பொருள் என்றுதான் சொல்ல வேண்டும் என்றார்கள். தொட்டிகளில் புதுப் பெயர் ஒட்டினார்கள். தொட்டிக்குள் இருந்தது மாறவில்லை, பக்கத்தில் நின்ற நானும் மாறவில்லை. என் வாயில் இன்றைக்கும் பழைய சொல்தான் முதலில் வருகிறது. ஆரணி உடனே திருத்துவாள்.

அதற்குப் பிறகுதான் புதுக் கட்டடம் வந்தது, மனிதர் சாப்பிடுவதற்கென்றே மீன் முள்ளைத் தூளாக்கும் கட்டடம். தலையும் முள்ளும் உள்ளே வந்ததும் செவுளை அறுத்து எடுக்க வேண்டும். நடுமுள்ளோடு ஒட்டிக் கிடக்கும் கறுத்த இரத்தத்தைக் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். அது என் வேலை. பிறகு ஆவியில் வேகும், காயும், அரைபடும், கோதுமை மாவு மாதிரி வெளியே வரும். அவ்வளவும் சுண்ணாம்புச் சத்தும் புரதமும். சூப்பில் போடலாம், ரொட்டி மாவில் கலக்கலாம். செவுளோ இரத்தமோ கொஞ்சம் மிஞ்சினால் தூள் நாறும். மிஞ்சாவிட்டாலும் கொஞ்சம் நாறும். என் மனைவி விமலா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அதைச் சூப்பில் போட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கிழவர் ஒரு கரண்டி குடித்துவிட்டு, படகுத் துறையை நக்கியது போல் இருக்கிறது என்றாராம். விமலா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வேலையில் நான் கெட்டிக்காரன். வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்தால் என் ஜாக்கெட் விறகுக் கொட்டகையில்தான் தொங்க வேண்டும். அது ஆரணி சின்ன வகுப்பில் படிக்கும்போதே போட்ட சட்டம். அவளுடைய சிநேகிதிகள் வருகிற நாளில் நான் பின்கதவால் நுழைந்து நேரே குளியலறைக்குப் போவேன். யாரும் போகச் சொன்னதில்லை. போகாவிட்டால் அவள் முகம் போகிற போக்கை என்னால் பார்க்க முடியாது.

3

தனம் எனக்கு நேர் இளையவள். நாங்கள் பிறந்த அதே தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருக்கிறாள். தோட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அவளுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. லயத்துப் பிள்ளையெல்லாம் அவள் பிள்ளைதான் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் எந்தப் பிள்ளை அழுதாலும் அவள் தூக்கினால் வாய் மூடும், நான் தூக்கினால் இன்னும் கத்தும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, காம்பராப் பிள்ளைகள் தேறவே மாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பினாள்.

"கஞ்சி குடுக்குறோம், பருப்பு குடுக்குறோம், ஒன்னும் ஒடம்புல ஒட்ட மாட்டேங்குதுண்ணே. மிட்வைஃப் மிஸ் வந்து தராசுல போட்டுப் பாத்துட்டு என்னையத்தான் மொறைக்கிறாங்க. மீனு குடுங்கங்கிறாங்க. மீனு விக்கிற வெலையில எங்கேருந்து குடுக்குறது?"

நான்தான் சொன்னேன். இந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள். நான்தான் சொன்னேன்.

"தலவாக்கல டவுன்ல மீனு வெட்டுறாங்கள்ல, தல முள்ளெல்லாம் என்னா செய்றாங்க?"

"நாய்க்குப் போடுவாங்க. மிச்சத்த அள்ளிக் கொட்டிருவாங்க. ஏண்ணே?"

"சத்து பூரா அதுலதான் இருக்கு. இங்க அதத்தான் அரைச்சு விக்கிறோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விமலா வெங்காயம் நறுக்கும் பலகையில் ஒரு கொட் தலையை வைத்து, செவுளை எப்படி எடுப்பது, இரத்தத்தை எங்கே தேடுவது என்று வீடியோவில் காட்டினேன். விமலா அந்தப் பலகையை அன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டாள். அன்று வெட்டிய தலையாக இருக்க வேண்டும், ஐஸில் வைத்தே கொண்டுபோக வேண்டும், அன்றைக்கே அவிக்க வேண்டும், பலயா சூடு தாங்காது, கெட்டதைக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று எச்சரித்தேன். முள் கையில் நசுங்கும் வரைக்கும் பிரஷர் குக்கரில் வேக வேண்டும், காய வேண்டும், அரைத்த பிறகு மெல்லிய துணியில் சலிக்க வேண்டும் என்றேன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டாள். என் வேலையைப் பற்றி ஒருவர் என்னிடம் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது நான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன் என்று விமலா சொன்னாள்.

4

அவள் செய்து முடிப்பாள் என்று நான் நினைக்கவில்லை. சட்டியில் இரண்டு தலையைப் போட்டு அவித்துவிட்டு, கை வலிக்கிறது அண்ணே என்று விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

நீர்கொழும்பில் ஏற்றுகிற மீன், கினிகத்தேனை வளைவுகளில் ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டபடி லொறியில் ஏறி, அட்டனைத் தாண்டித் தலவாக்கலைக்கு வரும். அந்த லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பஸ்ஸில் ஜன்னலை இழுத்து மூடுவோம். தனம் அந்த மீனை வெட்டுகிற சிங்கள முதலாளியிடம் போய், தலையையும் முள்ளையும் கீழே போடாமல் ஐஸ் பெட்டியில் தனியாக வைக்கும்படி கேட்டிருக்கிறாள். அவர் முதலில் நாய் வளர்க்கிறாளாக்கும் என்று நினைத்தாராம். பிள்ளைகளுக்கு என்று தெரிந்ததும் செவுளை அவரே எடுத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். அவள் வாய்ச் சாமர்த்தியம் அப்படி. நான் இங்கே ஃபோர்மனிடம் புதுக் கையுறை கேட்டு இன்னும் காத்திருக்கிறேன்.

காயவைப்பதில் மாட்டிக்கொள்வாள் என்று அடுத்ததாக நினைத்தேன். எங்கள் மலைநாட்டு மழையிலும் பனியிலும் துணியே காயாது. அவள் தலவாக்கலையில் பேக்கரி வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானாவைப் பிடித்தாள். பாண் போட்டு முடிந்த பிறகு அடுப்பில் மிஞ்சும் சூட்டில் தட்டுகளை வைத்துக்கொள்ள அவர் சம்மதித்தார். முதல் தடவையே பேக்கரி முழுக்க மீன் வாடை.

"தங்கச்சி, புள்ளைகளுக்குன்னுதான் எடம் குடுத்தேன். நாளைக்குப் பாண்ல மீன் வாட அடிச்சிச்சுன்னா நான் கடையச் சாத்திட்டுப் போகணும்" என்று தட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

காம்பராவிலும் அதே கதை. பிள்ளைகள் கஞ்சியைத் துப்பிவிட்டார்கள். தாய்மாருக்குக் கோபம். ஒரு தாய் நேராக வந்து கேட்டாளாம், "தேயிலையிலயும் நல்லத வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு நமக்கு டஸ்ட்டு. இப்ப மீனுலயும் தலையும் முள்ளுமா? எம்புள்ள என்னா நாயா?"

அந்தத் தாய் கேட்டதில் தப்பில்லை. தனம் அவளோடு வாதாடவில்லையாம். அதே கஞ்சியில் தூளைக் கலந்து எல்லார் முன்னாலும் உட்கார்ந்து குடித்தாளாம். மறுநாளும் தாய்மார் மலைக்குப் போகிற நேரம் பார்த்துக் குடித்தாளாம். "எனக்கே கொமட்டுச்சுண்ணே. மொகத்துல காட்டிக்கல" என்றாள்.

அந்த இடத்தில் இது நின்றுபோகும் என்று நம்பினேன். நிற்கட்டும் என்று விரும்பினேனா என்று கேட்டால், அதற்கு இங்கே பதில் எழுத மாட்டேன். கொஞ்ச நாள் கழித்துப் பேசும்போது வாடை போய்விட்டது என்றாள். பேக்கரி நானா தட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார், பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் கேட்கிறார்கள்.

"எப்பிடிப் போச்சு?" என்றேன்.

"சொன்னா சிரிப்பீங்க. சாப்பிட்டுப் பாத்து நீங்களே கண்டுபுடிங்க" என்றாள்.

இவ்வளவு இயந்திரம் வைத்தும் எங்களுக்குப் போகாத வாடை. அன்றைக்கு நான் பாட்டு ஒன்றும் முணுமுணுக்கவில்லை.

பிறகு யாரோ அவளை வீடியோ எடுத்து முகநூலில் போட்டார்கள். மிட்வைஃப் மிஸ் தராசைக் காட்டிச் சிரிக்கிறார், முன்பு சண்டை பிடித்த அதே தாய் தன் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுகிறாள், தனம் நடுவில் நல்ல சேலை கட்டி நிற்கிறாள். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆயாமார் வந்து அவளிடம் கற்றுக்கொண்டு போனார்களாம். கீழே எழுதியிருந்த கருத்துகளை ஒன்று விடாமல் படித்தேன். அக்கா நீங்கள் எங்கள் மலையகத்தின் பெருமை, அக்கா உங்கள் கைக்குத் தங்க வளையல் போட வேண்டும். அந்த வீடியோவில் அவள் என்னைச் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், ஒரு வருஷத்துக்குக் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் சொல்லியிருந்தாள். "எங்க அண்ணே வெளிநாட்டுல மீன் கம்பெனியில இருக்காங்க. அவங்க சொல்லிக் குடுத்ததுதான் இது." அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நன்றி சொல்லியும் நல்ல பெயரை அவளே வாங்கிக்கொண்டாள்.

5

ஆரணி என்னிடம் பெரும்பாலும் நோர்வே மொழியில்தான் பேசுவாள். தமிழ் வேண்டுமென்றால் இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் கற்ற யாழ்ப்பாணத் தமிழ் கொஞ்சம் வரும். நான் பேசும் தமிழைக் கேட்டால், "அப்பா, நீங்கள் ஏன் படத்தில வாற ஆக்கள் மாதிரிக் கதைக்கிறீங்கள்?" என்பாள். மொழி போவதைப் பற்றிப் புலம்பாத புலம்பெயர்ந்தவன் இல்லை, நானும் போதுமான அளவு புலம்பிவிட்டேன். பிள்ளை நல்ல பிள்ளை. கதவைச் சாத்திக்கொள்கிற வயது என்று விமலா சொல்கிறாள்.

இந்த வருஷம் பள்ளியில் அவளுக்கு ஒரு செய்முறை வேலை. வீணாகும் உணவுப் பொருளைச் சாப்பாடாக்குவது பற்றி ஆராய்ந்து, பெற்றோர் வரும் ஒரு மாலையில் மேடையில் விளக்க வேண்டும். மீன் முள்ளை எடுத்துக்கொண்டேன் என்று அவள் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது என் கை சோற்றில் நின்றுவிட்டது. கேட்பாள் என்று நினைத்தேன். மறுநாள் வேலையிடத்தில் செவுளைப் பார்த்துப் பார்த்து, எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று மனதுக்குள் அடுக்கி வைத்தேன். அவளை உள்ளே கூட்டிவர ஃபோர்மனிடம் அனுமதிகூடக் கேட்டுவிட்டேன்.

அவள் தனத்தைக் கூப்பிட்டாள். கதவு கொஞ்சம் திறந்திருந்தது, நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

"அத்தை, தலைய எவ்வளவு நேரம் அவிக்கிறீங்க?" என்று கேட்டாள். "அப்படிங்களா" என்றாள். "சரிங்க அத்தை, எழுதிக்கிட்டேன்" என்றாள். என் பிள்ளை. என் லயத்துத் தமிழ். நான் பேசினால் சிரிக்கிற தமிழை, எங்கேயோ இருக்கிறவளோடு அவள் முத்து முத்தாகப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிந்தது. தனத்தின் குரல் ஏதோ கேட்டது, என்னைப் பற்றித்தான் இருக்க வேண்டும். அதற்கு ஆரணி, "அப்பாவா? அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாதுங்க அத்தை. அவர் அங்க கழுவுற வேலைதான்" என்றாள்.

அதற்கு தனம் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. விமலா அந்த நேரம் பார்த்து மிக்ஸியைப் போட்டுவிட்டாள்.

6

சுங்க அலுவலகம் பெரிய ஊரில் இருக்கிறது. வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாகத்தான் போனேன். புறப்படும்போது ஆரணி படியில் நின்று, "அப்பா, சரியாச் சொல்லுங்கோ. கழிவு எண்டு சொல்லிப் போடாதீங்கோ" என்றாள். அவ்வளவு கவலையான முகத்தை நான் அவளிடம் அதிகம் பார்த்ததில்லை. என் காய்ச்சலுக்குக்கூட அவள் அப்படி முகம் வாடியதில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. மரியாதையானவர். பார்சலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தனத்தின் கையெழுத்து, பேக்கரிப் பொலித்தீன் உறை, உள்ளே தேங்காய்ச் சிரட்டை நிறத்தில் தூள்.

"இது என்ன?"

"மீன் தலையும் முள்ளும். காயவைத்து அரைத்தது."

அவர் கணினியில் எதையோ தேடினார். பிறகு நிமிர்ந்து, "விலங்குத் தீனியா?" என்று கேட்டார். தீனி என்றால் அதற்குரிய சான்றிதழ்கள் வேண்டும், இல்லாவிட்டால் எரித்துவிடுவோம் என்றார். மனிதர் சாப்பிடுவது என்றால், சொந்த உபயோகத்துக்கு இவ்வளவு கொஞ்சம் பரவாயில்லை என்றார். "எது?"

தீனிதான் என்று தலையை ஆட்டினால் போதும். பெரிய பொய்யும் இல்லை. இதே சாமானை நாங்கள் எத்தனையோ வருஷம் நாய்த் தீனி என்றுதான் விற்றோம். வீட்டுக்குப் போய், என்னம்மா செய்வது, சட்டம் அப்படி என்று சொல்லலாம். மேடை நெருங்கிக்கொண்டிருக்கிறது, வேறு தூளுக்கு அவள் எங்கே போவாள்? எங்கள் தொழிற்சாலைத் தூளுக்குத்தான் வர வேண்டும். அப்போது என்னிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். இதையெல்லாம் நான் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று நிதானமாக யோசித்தேன்.

"கொஞ்சம் திறந்து பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

அவர் கத்தரிக்கோலைத் தந்தார். உறையை வெட்டியதும் பழக்கத்தில் முகத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டேன். வாடை இல்லை. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன், அப்போதும் இல்லை. விரல்நுனியால் தொட்டுத் தேய்த்தேன். ஒரு துண்டு முள் நெருடவில்லை, நான் சொன்னபடி துணியில் சலித்திருக்கிறாள். நாக்கில் வைத்தேன். முதலில் மீன், நன்றாக வறுபட்ட மீன். பின்னால் ஒரு துவர்ப்பு வந்து நாக்கின் ஓரத்தைப் பிடித்தது. தேயிலை.

மீனோ கருவாடோ கழுவினால் எங்கள் லயத்தில் கைக்குச் சோப்புப் போட மாட்டோம். தேத்தண்ணி வடித்த சக்கையை அள்ளி விரலிடுக்கெல்லாம் தேய்ப்போம். வாடை போன இடம் தெரியாது. எல்லா வீட்டுக் கழுவுமிடத்திலும் அந்தச் சக்கை கிடக்கும். தனம் கடுஞ்சாயமாகத் தேத்தண்ணி போட்டு, அந்தத் தண்ணீரில் தலைகளை அவித்திருக்கிறாள். இவ்வளவுதான் அவளுடைய மந்திரம். நானும் அதே சக்கையில் கை தேய்த்து வளர்ந்தவன். இந்த நாட்டுக் கடைகளில் எலுமிச்சை வாசனைச் சோப்பு, பைன் மரத்து வாசனைச் சோப்பு என்று வாங்கி வாங்கிக் கையைத் தேய்த்துத் தோல் உரிந்ததுதான் மிச்சம். தினமும் காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுச் சக்கையைக் குப்பையில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். ஒருநாள்கூட எனக்கு அது தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த நிமிஷத்தில் எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரம், கருத்துகளைப் படித்தபோதுகூட வரவில்லை.

அதிகாரி காத்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தேன். நல்ல வேலை. குறை சொல்ல இடமே இல்லாத வேலை. என் தொழில் இது, இதைத் தீனி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மனிதர் சாப்பிடுவது" என்றேன். "சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. என் தங்கச்சி செய்தது."

அவர் உறையை ஒட்டித் திருப்பித் தந்தார். ஒட்டுவதற்கு முன் வாசனை பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறதே என்று வேறு சொன்னார்.

7

பள்ளிக்கூட மாலையில் விமலாவும் நானும் பின் வரிசையில் உட்கார்ந்தோம். நான் இரண்டு தடவை குளித்துவிட்டுப் போயிருந்தேன். ஆரணி மேடையில் பயமில்லாமல் பேசினாள். திரையில் தனத்தின் படம், காம்பராப் பிள்ளைகள் வரிசையாகக் கஞ்சிக் கோப்பையோடு இருக்கும் படம். தேயிலைத் தண்ணீரில் அவிக்கும் விஷயத்தையும் விளக்கினாள். ஆக, எனக்குக் கண்டுபிடி என்று சொன்னதை தனம் அவளுக்கு முதலிலேயே சொல்லியிருக்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று அத்தை இதில் உப்பே போடுவதில்லை என்றும் சொன்னாள். எங்கள் தொழிற்சாலையின் படமும் ஒன்று வந்தது. மஞ்சள் மேலங்கி போட்டு, முதுகைக் காட்டியபடி தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது நான்தான். அவளுக்குத் தெரிந்திருக்காது. முதுகு மட்டும்தானே தெரிகிறது.

தக்காளிச் சூப்பில் தூளைக் கலந்து எல்லாருக்கும் சின்னக் கோப்பையில் கொடுத்தார்கள். யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. எங்கள் ஃபோர்மனின் மகனும் அதே வகுப்பு. ஃபோர்மன் என் பக்கத்தில் வந்து, "உன் தங்கச்சியா? கெட்டிக்காரி" என்றார். ஆமாம் என்றேன். ஆரணி அத்தைக்கு நன்றி சொல்லி முடித்தாள், மண்டபம் முழுக்கக் கை தட்டியது. நானும் தட்டினேன். நான் தட்டாவிட்டால் தெரிந்துவிடும்.

மறுநாள் சனிக்கிழமை. காலைச் சாப்பாட்டு மேசையில் ஆரணி முட்டையின் மேல் அந்தத் தூளைத் தூவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தனம் கூப்பிட்டாள். முதலில் மருமகளோடு பேசி, எல்லாக் கதையும் கேட்டு, சிரித்து முடித்தாள். அதற்குள் மிட்வைஃப் மிஸ் சொன்னது, தாய்மார் சொன்னது, பள்ளிக்கூட மண்டபம் கை தட்டியது என்று எல்லாப் பாராட்டும் அவளுக்குக் கிடைத்துவிட்டது. பிறகும், "அப்பாட்டக் குடும்மா" என்றாள். போனை வாங்கினேன்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா?"

"ம்."

"எப்பிடியிருந்துச்சு? உள்ளதச் சொல்லுங்கண்ணே. ஊர் பூரா நல்லாருக்குங்குது, அவங்களுக்கு என்னா தெரியும். நீங்க சொன்னாத்தான் எனக்குக் கணக்கு."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். நல்லா செஞ்சிருக்க தனம் என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாமலில்லை. வாயைத் திறந்தேன்.

"உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றேன்.

ஆரணியின் கரண்டி தட்டில் நின்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரிண்ணே" என்றாள் தனம். "அடுத்த தடவ கொறைச்சுப் போடுறேன்."